பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் மிண்ட்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டறியும் வழிமுறை

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பொதுவாக முடிவுக்கு வந்தன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும் என்பதால், 2012 முதல் 2017 வரை வாங்கிய மடிக்கணினிகள் பலவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வழியற்று நிற்கின்றன. அவற்றில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் லினக்ஸ் மிண்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவுவது நல்ல ஏற்பாடு. டாலிக் கணக்குக்கும், பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய பேஜ்மேக்கர் கோப்புகளுக்கும் விண்டோஸ் தேவைப்படும் வீடுகளும் கடைகளும் நம்மிடையே இன்னும் நிறையவே இருக்கின்றன. அவர்களிடம் போய் விண்டோஸை அழித்துவிடுங்கள் என்று சொல்ல முடியாது. இங்கே சொல்லப்படுபவை லினக்ஸ் மிண்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைத்திரைப் பதிப்பை மனத்தில் கொண்டவை. உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட இப்பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபி நினைவகத்தில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும்.

இடையில் ஏதாவது தடங்கல் வந்து திரை கறுத்தால், "ஃபார்மட் செய்துவிடலாம்" என்பதுதான் பலரும் சொல்லும் முதல் தீர்வு. பெரும்பாலும் அது தேவையே இல்லை. மடிக்கணினி தொடங்கும்போது நான்கு கட்டங்கள் வரிசையாக நடக்கின்றன: முதலில் மதர்போர்டில் பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸ் விழிக்கிறது, அது தொடக்க நிரலைத் தேடி எடுக்கிறது, அந்த நிரல் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது, கரு திரையையும் வன்தட்டையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த வரிசையிலேயே கீழே அறிகுறிகள் தரப்பட்டுள்ளன.

எதையும் தொடுவதற்கு முன் மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்து, அந்த நகலிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். வன்தட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் பயன்படுத்திப் பின்பு விற்கப்பட்ட மடிக்கணினிகளில் அது இயங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, நிறுவும் வேலை முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் நம்பகமான தொடக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அமைப்பை மாற்றிய மறுகணமே நீலத்திரை வந்து அந்தச் சாவியைக் கேட்கும். மூன்றாவதாக, பயாஸுக்குள் சென்று பூட் முறை, செக்யூர் பூட், சாட்டா முறை (வன்தட்டை அணுகும் முறை) ஆகிய மூன்றும் இப்போது எப்படி இருக்கின்றன என்று கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவைச் செருகியும் மடிக்கணினி விண்டோஸுக்கே போகிறது

மிண்ட் எழுதிய பென் டிரைவிலிருந்து தொடங்க, பூட் பட்டியலைத் திறந்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலைத் திறக்கும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல்லிலும் பெரும்பாலான லெனோவோவிலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் சென்று "எஃப்12 பூட் மெனு" என்னும் வரியை முதலில் இயக்க வேண்டும். விசையை ஒரே முறை அழுத்திவிட்டுக் காத்திருக்காமல், மின் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள்.

பட்டியல் வந்தும் அதில் பென் டிரைவ் இல்லையென்றால், நீல நிறத் துளையிலிருந்து எடுத்துக் கறுப்புத் துளையில் செருகிப் பாருங்கள். பழைய பயாஸ்கள் சிலவற்றுக்கு யுஎஸ்பி 3 துளை தொடக்க நேரத்தில் தெரிவதில்லை. தொடங்கிச் சிறிது தூரம் ஓடி, "ஸ்குவாஷ்எஃப்எஸ்" என்ற சொல்லுடன் பிழைவரிகள் ஓடி நின்றால், பதிவிறக்கிய கோப்பு சிதைந்திருக்கலாம் அல்லது பென் டிரைவே பழுதாக இருக்கலாம். பதிவிறக்கிய கோப்பின் ஷா256 சரிபார்ப்பு எண்ணை மிண்ட் தளத்தில் உள்ள எண்ணுடன் ஒப்பிட்டுவிட்டு, பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருள் கொண்டு வேறொரு பென் டிரைவில் எழுதுங்கள். எண் ஒத்துப்போகாத கோப்பை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருப்பது வீண்.

"எஸ்பேட்", "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்ற சொற்களுடன் ஒரே ஒரு வரி தோன்றிக் கணினி அணைந்துபோனால், காரணம் வேறு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பாதுகாப்புக் குறை உள்ள பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களை ஏற்க வேண்டாம் என்று பயாஸில் எழுதிவைத்தது. உங்கள் பென் டிரைவில் அதற்கு முந்தைய பழைய பதிப்பு இருந்தால் இப்படி மறிக்கப்படலாம். புதிய பதிப்பைப் பதிவிறக்கி எழுதுவதே சரியான தீர்வு. ஏற்கெனவே நிறுவிய பழைய லினக்ஸ் இப்படி மறிக்கப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே சென்று, எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவிவிட்டுத் திரும்பவும் இயக்கிக்கொள்ளலாம்.

பென் டிரைவ் பட்டியலில் இரண்டு முறை தெரிகிறது: எதைத் தேர்ந்தெடுப்பது?

இது பிழை அறிகுறி அல்ல; ஆனாலும் பின்னால் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் முளைக்கிறது. ஒரே பென் டிரைவின் பெயர் ஒருமுறை வெறுமனேயும், ஒருமுறை "யுஇஎஃப்ஐ" என்ற முன்னொட்டுடனும் தெரியும். 2012 இறுதியில் விண்டோஸ் 8 வந்ததையொட்டி மடிக்கணினிகள் பழைய பயாஸ் முறையிலிருந்து யுஇஎஃப்ஐ முறைக்கு மாறின. மாறும் காலத்தில் வந்தவை இரண்டு முறைகளையும் தாங்கும். எந்த முறையில் பென் டிரைவைத் தொடங்குகிறீர்களோ அந்த முறையிலேயே லினக்ஸ் நிறுவப்படும். விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் இன்னொரு முறையிலும் அமர்ந்துவிட்டால், ஒரே பட்டியலிலிருந்து இரண்டையும் தொடங்க முடியாது; ஒவ்வொரு தடவையும் பயாஸுக்குள் சென்று முறையை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று கொடுத்தால் வரும் சாளரத்தில் "பயாஸ் மோட்" என்ற வரி இருக்கும். அதில் "லெகசி" (பழைய பயாஸ் முறை) என்றிருந்தால் முன்னொட்டு இல்லாத பெயரையும், "யுஇஎஃப்ஐ" என்றிருந்தால் முன்னொட்டு உள்ள பெயரையும் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவிலிருந்து மிண்ட் திறந்த பிறகும் சரிபார்க்க வழி உண்டு: கோப்பு மேலாளரில் மூலக் கோப்புறைக்குச் சென்று, "சிஸ்" என்பதற்குள் "ஃபர்ம்வேர்" என்பதைத் திறந்தால், "இஎஃப்ஐ" என்னும் கோப்புறை அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் லெகசி முறையில் வந்திருக்கிறீர்கள். நிறுவும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இதைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருந்தும், சில ஜிபி மட்டுமே சுருக்க முடியும் என்கிறது

லினக்ஸுக்கு இடம் ஒதுக்க சி டிரைவைச் சுருக்க வேண்டும். அதற்கான கருவியான விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், நகர்த்த முடியாத கோப்பு எங்கே கிடக்கிறதோ அதுவரைதான் சுருக்கும். பேஜ் கோப்பு, ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் சேமிப்புகள் ஆகிய மூன்றும்தான் வழக்கமாக நடுவில் கிடந்து மறிப்பவை. மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்து, சுருக்கி, பின்பு தேவையானவற்றை இயக்கிக்கொள்ளுங்கள். மிண்ட்டுக்கு 20 ஜிபி இருந்தாலே நிறுவ முடியும் என்றாலும், ஒரு வருடப் பயன்பாட்டை நினைத்து 60 ஜிபியாவது ஒதுக்குவதே நல்லது.

நிறுவும்போது வன்தட்டே தெரியவில்லை, அல்லது காலி இடம் "அன்யூசபிள்" என்று தெரிகிறது

இரண்டும் வெவ்வேறு நோய்கள். வன்தட்டு முழுவதுமே தெரியாமல் போனால், பயாஸில் சாட்டா முறை "ரெய்ட்" அல்லது "இன்டெல் ஆர்எஸ்டி" என்று இருக்கும். அதை ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து "சேஃப் பூட்" குறியிட்டு மறுதொடக்கம் செய்து, அப்படியே பயாஸுக்குள் நுழைந்து ஏஹெச்சிஐ ஆக்கி, சேஃப் மோடில் விண்டோஸை ஒருமுறை திறந்து, அந்தக் குறியை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் தனக்கு வேண்டிய இயக்கியை (டிரைவரை) அந்தத் தொடக்கத்தில் தானே எடுத்துக்கொள்ளும்.

காலி இடம் தெரிந்தும் "அன்யூசபிள்" என்று வந்தால், அது வன்தட்டின் பகிர்வுகளை (பிரித்த பகுதிகளை) பதிந்துவைக்கும் எம்பிஆர் என்னும் பழைய அட்டவணையின் வரம்பு. அந்த அட்டவணையில் நான்கு முதன்மைப் பகிர்வுகளுக்கு மேல் இடமில்லை. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகளில், 100 எம்பி அளவிலான சிஸ்டம் ரிசர்வ்ட், சி, டி, நிறுவனத்தின் ரெகவரி என்று நான்கும் கடையிலிருந்து வரும்போதே நிரம்பியிருப்பதைப் பார்க்கலாம். சியைச் சுருக்கி 60 ஜிபி காலி செய்து வைத்திருந்தாலும் ஐந்தாவது வரியை எழுத அட்டவணையில் இடமிருக்காது.

இந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தக் காலி இடத்தில் விண்டோஸிலிருந்தே புதிய பகிர்வு உருவாக்க முயன்றால், இந்த வன்தட்டை "டைனமிக் டிஸ்க்" ஆக மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். பெட்டியில் இருக்கும் வாசகம் சாதாரணமாகத்தான் தோன்றும். அவசரத்தில் "யெஸ்" என்று அழுத்திவிடுவார்கள். அழுத்தினால் பகிர்வுகள் ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த நீலப்பட்டை வேறு நிறத்துக்கு மாறும், அதன் பிறகு லினக்ஸ் நிறுவி அந்த வன்தட்டைச் சரியாகப் படிக்காது; கோப்புகளை இழக்காமல் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸிலேயே நேர் வழியும் கிடையாது. அந்தப் பெட்டிக்கு "நோ" என்பதைத் தவிர வேறு பதிலில்லை.

சரியான வழி: டியில் உள்ளவற்றை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்து, மிண்ட் பென் டிரைவிலிருந்து தொடங்கி, அதிலுள்ள ஜிபார்ட்டெட் கருவியால் டியை நீக்குங்கள். அந்த இடத்தில் முதலில் "எக்ஸ்டெண்டட்" பகிர்வு ஒன்றை உருவாக்கி, அதன் வயிற்றுக்குள் "லாஜிக்கல்" பகிர்வுகளாக புதிய டியையும் லினக்ஸையும் அமையுங்கள். சியைச் சுருக்கிய காலி இடம் டிக்கு அடுத்தே இருந்தால் அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸுக்கு முதன்மைப் பகிர்வுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; லாஜிக்கலில் இருந்தே குறையின்றித் தொடங்கும். ரெகவரி பகிர்வை அழித்து இடம் பிடிக்கும் யோசனை பலருக்கும் வரும். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் கடைசி வழி அதுவாக இருக்கலாம் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

நிறுவியது முடிந்தும் நேராக விண்டோஸே வருகிறது

யுஇஎஃப்ஐ முறையில் இது பெரும்பாலும் வரிசைப் பிரச்சினை. பயாஸின் பூட் வரிசையில் "உபுண்டு" என்ற பெயர் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதற்குக் கீழே இருக்கும். மிண்ட்டை நிறுவினாலும் அங்கே உபுண்டு என்ற பெயரே எழுதப்படுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். அதை மேலே நகர்த்திச் சேமித்தால் போதும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு வரிசை மறுபடி மாறியிருந்தாலும் இதே மருந்துதான். ஏசர் மாடல்கள் பலவற்றில் பயாஸுக்கு ஒரு சூப்பர்வைசர் கடவுச்சொல் வைத்த பிறகுதான், லினக்ஸின் தொடக்கக் கோப்பை நம்பகமானது என்று பதியும் வசதி திறக்கும். அந்தக் கடவுச்சொல்லை மறந்துவிடாமல் எழுதிவையுங்கள்.

லெகசி முறையில் காரணம் வேறு. பென் டிரைவைச் செருகியிருந்தால் லினக்ஸ் தொடங்குகிறது, எடுத்துவிட்டால் விண்டோஸ் வருகிறது என்றால், தொடக்க நிரலான கிரப், வன்தட்டுக்குப் பதிலாகப் பென் டிரைவில் எழுதப்பட்டுவிட்டது. நிறுவியில் பகிர்வுகளைக் கையால் அமைக்கும் திரையின் அடியில், தொடக்க நிரலை எங்கே வைப்பது என்று ஒரு கீழ்விரிபட்டி இருக்கும். பலர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். அதில் பகிர்வு எண் இல்லாத முழு வன்தட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் காட்டும் கொள்ளளவைப் பார்த்தால் எது வன்தட்டு, எது பென் டிரைவ் என்று தெரியும். தவறிவிட்டது என்றாலும் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. மிண்ட் பென் டிரைவில் தொடங்கி, அதன் பட்டியலில் உள்ள "பூட் ரிப்பேர்" கருவியைத் திறந்து, பரிந்துரைக்கும் சீரமைப்பை இயக்கினால் கிரப் சரியான இடத்தில் எழுதப்படும்.

கிரப் பட்டியல் வருகிறது, ஆனால் அதில் விண்டோஸ் இல்லை

விண்டோஸ் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மிண்ட்டின் கோப்பு மேலாளரில் சி டிரைவைத் திறந்து பாருங்கள். கோப்புகள் அங்கேயே இருக்கும். டெர்மினலில் நிர்வாகி உரிமையுடன் "அப்டேட்-கிரப்" கட்டளையை ஓடவிட்டால், மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலை அது மறுபடி எழுதும். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் இந்தத் தேடல் இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதால், வேறு லினக்ஸ் வகைகளில் கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிய பிறகே கட்டளை பலன் தரும். அப்படியும் வரவில்லையென்றால், மேலே சொன்ன முறை முரண்பாடுதான் காரணமாக இருக்கும்: விண்டோஸ் யுஇஎஃப்ஐயில், லினக்ஸ் லெகசியில், அல்லது இதற்கு மாறாக. அப்போது பென் டிரைவைச் சரியான முறையில் தொடங்கி, பூட் ரிப்பேர் கொண்டு கிரப்பை மட்டும் அந்த முறைக்கு மாற்றி எழுதலாம்.

கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று மட்டும் நிற்கிறது

பெயரில்லாத பகிர்வு ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று, விண்டோஸில் இருந்தபடி லினக்ஸ் பகிர்வை யாரோ நீக்கியிருப்பார்கள். கிரப்பின் முதல் துண்டு வன்தட்டின் தொடக்கத்தில் இருக்க, மிச்சம் இருந்த பகிர்வு போய்விட்டது. லினக்ஸ் இனி வேண்டாம் என்றால், யுஇஎஃப்ஐ கணினியில் பூட் பட்டியலிலிருந்து விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தாலே போதும். லெகசி கணினியில் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவின் பழுதுநீக்கும் பகுதியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் விருப்பத்துடன் இயக்க வேண்டும். பகிர்வு நீக்கப்படாமல் அளவோ எண்ணோ மட்டும் மாறியிருந்தால் பூட் ரிப்பேரே சரிசெய்துவிடும்.

கிரப்பில் மிண்ட்டைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்து, விசிறி மட்டும் சுற்றுகிறது

என்விடியா சில்லும் இன்டெல் வரைகலையும் சேர்ந்திருக்கும் மடிக்கணினிகளில் இது வழக்கம். கணினி உறைந்துவிடவில்லை, கரு திரையைக் கையில் எடுக்கும் கணத்தில் தடுமாறுகிறது. பென் டிரைவில் இது நேர்ந்தால், தொடக்கப் பட்டியலில் "கம்பாடிபிலிட்டி மோட்" வரியைத் தேர்ந்தெடுங்கள். நிறுவிய பிறகு நேர்ந்தால், கிரப்பில் மிண்ட் வரியின் மேல் நின்று ஈ எழுத்தை அழுத்தி, "லினக்ஸ்" என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குச் சென்று, "ஸ்பிளாஷ்" என்னும் சொல்லுக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு, "நோமோட்செட்" (nomodeset) என்று ஒரே சொல்லாகத் தட்டி, எஃப்10 அழுத்துங்கள். இது ஒருமுறைக்கு மட்டும் செல்லும். மேசைத்திரை வந்ததும் டிரைவர் மேனேஜரில் என்விடியா இயக்கியை நிறுவிவிட்டால், அடுத்த முறை இந்தச் சொல் தேவைப்படாது.

லினக்ஸில் டி டிரைவைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை

விண்டோஸ் 8 முதல் "ஷட் டவுன்" என்பது முழு அணைப்பு அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது, விண்டோஸ் தன் கருவை வன்தட்டில் உறங்கவைத்துவிட்டுப் போகிறது. பகிர்வுகள் அதன் கணக்கில் இன்னும் திறந்தே இருக்கின்றன. லினக்ஸ் அதைப் பார்த்து எழுத மறுப்பது நம் கோப்புகளைக் காப்பாற்றத்தான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, மின் பொத்தான்கள் பற்றிய பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை எடுத்துவிட்டு, விண்டோஸை ஒருமுறை முழுமையாக அணையுங்கள். "ரீஸ்டார்ட்" எப்போதும் முழு அணைப்புதான் என்பதால், அவசரத்துக்கு அதுவும் உதவும்.

உறக்கக் கோப்பை அழித்து வலிந்து திறக்கும் விருப்பம் ஒன்று லினக்ஸில் உண்டு. நான் ஒருமுறை அதைப் பயன்படுத்தினேன். அது என் அண்ணன் மகளின் மடிக்கணினி. அன்று அவள் அணைக்காமல் ஹைபர்னேட் செய்துவிட்டுப் போயிருந்தாள். சேமிக்காமல் திறந்து வைத்திருந்த அவளுடைய கல்லூரி ஒப்படைப்பின் ஆறு பக்கங்கள் அந்த உறக்கக் கோப்போடு போய்விட்டன. அன்றிலிருந்து, பிறர் மடிக்கணினியில் விண்டோஸை நானே திறந்து, முழுவதும் மூடிய பின்பே லினக்ஸ் பக்கம் போகிறேன்.

வைஃபை பெயர்களே தெரியவில்லை

முதலில் விண்டோஸை முழுமையாக அணைத்துவிட்டு வாருங்கள். உறங்கும் விண்டோஸ் வைஃபை அட்டையையும் பிடித்து வைத்திருப்பதுண்டு. பழைய மாடல்களில் உடலின் விளிம்பில் இருக்கும் சிறு தள்ளுபொத்தானையும் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால், பிராட்காம் அட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான இயக்கி தனியாக நிறுவப்பட வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து டெதரிங் இயக்கினால் இணையம் கிடைத்துவிடும்; பின்பு டிரைவர் மேனேஜர் காட்டும் இயக்கியை நிறுவி மறுதொடக்கம் செய்தால் முடிந்தது.

லினக்ஸுக்குப் போய் வந்தால் விண்டோஸில் நேரம் தவறுகிறது

எவ்வளவு தவறுகிறது என்று கணக்கிடுங்கள். காலை 10:30-க்கு 5:00 என்று காட்டினால், சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதே எண்ணை இந்திய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளை மூலம் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி ஒருமுறை சொல்லிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

ஆனால் தேதியே பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய், உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை வந்தால், இரண்டு இயங்குதளங்களின் மேலும் குற்றமில்லை. மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவச் செல் தீர்ந்துவிட்டது. பல மடிக்கணினிகளில் அது சிஆர்2032 வகை. இரண்டு மெல்லிய கம்பிகளோடு உறையிட்டு இருக்கும் என்பதால், அதே இணைப்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். செல் தீர்ந்தால் பயாஸ் அமைப்புகளும் தொடக்கநிலைக்குத் திரும்பிவிடக்கூடும். நேற்றுவரை தொடங்கிய லினக்ஸ் இன்று திடீரென்று காணாமல் போவதற்கு இதுவும் காரணம். புதிய செல்லைப் பொருத்தியதும் முதல் வேலையாக பயாஸுக்குள் சென்று, தேதியைத் திருத்தி, கைப்பேசியில் எடுத்து வைத்த படத்தையும் நீங்கள் பின்னர் செய்த மாற்றங்களையும் பார்த்து, பூட் முறையையும் சாட்டா முறையையும் பூட் வரிசையையும் திரும்ப அமையுங்கள்.